காதலர் தினத்துக்கு ஆன்லைன் ஆர்டரை மூடி வைக்கலாமா? பொக்கே கடைக்காரர்கள் கருத்து சொல்லுங்கள்

கோவைப்பூ | ஜனவரி 9, இரவு 11:40

வணக்கம். கோவை சாய்பாபா காலனியில் 14 வருடமாக பொக்கே கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஒரு பெரிய ஆன்லைன் பூ கம்பெனிக்கு இந்தப் பகுதியில் பார்ட்னர். பெயர் வேண்டாம். பார்ட்னர் என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். என் மனைவி "கூலிக்குப் பொக்கே கட்டுறவர்" என்கிறாள். கணக்கைப் போடுகிறேன், யார் சொல்வது சரி என்று நீங்களே பாருங்கள்.

12 சிவப்பு ரோஜா பொக்கே. வெப்சைட்டில் 899 ரூபாய். எனக்கு வருவது 420, டெலிவரியும் அதற்குள்ளேயே. சாதாரண நாளில் 20 பூ கொண்ட ஒரு கட்டு 160 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. அப்படியென்றால் 12 பூவுக்கு 96. இலை, பொடிப்பூ 30. பேப்பர், ரிப்பன் 45. கட்டுக்கூலி 40. பையனுக்கும் பெட்ரோலுக்கும் 70. மொத்தம் 281. கையில் 139 நிற்கிறது. வாடகை, கரண்ட், வாடிப்போன பூ எல்லாம் அதிலிருந்துதான். சரி, ஓடுகிறது.

பிப்ரவரி 13 அன்று அதே கட்டு 480. 12 பூ 288 ஆகிவிடும். பையன்கள் ஒரு டெலிவரிக்கு 120 கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். மொத்தம் 523. எனக்கு வருவது அன்றைக்கும் அதே 420. போன வருடம் 12 முதல் 14 வரை மூன்று நாளில் 64 ஆர்டர். ஒவ்வொன்றிலும் 103 ரூபாய் கைநஷ்டம். அதற்கு மேல் ஐந்து பேர் "படத்தில் இருக்கிற மாதிரி இல்லை" என்று புகார் செய்தார்கள். கம்பெனி அவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பேரில் டெபிட் நோட்டு போட்டது, அதாவது என் பணத்தில் பிடித்துக்கொண்டது. எனக்குக் கொடுத்த 420-க்கு இல்லை, 899-க்கு!

வெப்சைட்டில் அந்த நாட்களுக்கு விலை ஏறியிருந்தது என்பது பிறகு என் மச்சான் சொல்லித்தான் தெரியும்.

இந்த வருடம் 12 முதல் 14 வரை கம்பெனியின் ஆர்டர் போர்ட்டலில் கடையை "மூடியது" என்று போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

சிவப்புத்துண்டு | ஜனவரி 9, இரவு 11:58

விட்டுத் தொலையுங்கள் அண்ணே. ஆறு வருடம் போதாதா?

---

தில்லைநகர் அக்கா | ஜனவரி 10, காலை 6:15

விடச் சொல்வது சுலபம் தம்பி. நான் திருச்சியில் கடையே இல்லாமல் வீட்டு வராண்டாவில் ஆரம்பித்தவள். போர்டு கிடையாது, ரோட்டில் போகிறவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. முதல் இரண்டு வருடம் எனக்குச் சோறு போட்டது இந்த மாதிரி ஒரு கம்பெனியின் ஆர்டர்தான். திங்கள் செவ்வாயில் வேறு எவன் பொக்கே வாங்குகிறான்? தினமும் ஏழெட்டு ஆர்டர் வந்தால்தான் வாங்கின பூ சுழலும். பூ சுழலாமல் வாளியில் நின்றால் அதுவும் நஷ்டம்தானே.

கோவைத் தம்பி, விலைதான் பெரிய பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் படம்தான் பெரிய பிரச்சினை. அந்தப் படங்களை ஸ்டுடியோவில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு ரோஜாவும் முக்கால் விரிந்து நிற்கும். நமக்குப் பெட்டியில் வருவது மொட்டு. விரிந்ததைக் கொடுத்தால் மறுநாள் உதிரும், மொட்டாகக் கொடுத்தால் "சின்னப் பூ" என்று புகார். போன மாதம் ஊதா நிறத்தில் ஏதோ ஒரு பூ போட்ட ஆர்டர் வந்தது. ஊர் முழுக்க விசாரித்தேன், பெயரே யாருக்கும் தெரியவில்லை. மாற்றுப் பூ வைக்க சாட்டில் அனுமதி கேட்க வேண்டும். பதில் வர இரண்டு மணி நேரம். டெலிவரிக்குக் கொடுத்திருப்பது ஒரு மணி நேரம்.

இதில் கேக் வேறு. பூக்கடைக்காரி எதற்குப் பேக்கரி வாசலில் நிற்க வேண்டும்? "காம்போ" என்று ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

---

தேக்காவாசி | ஜனவரி 10, காலை 8:30

நான் கடைக்காரன் இல்லை, வாங்குகிறவன். சிங்கப்பூரில் இருக்கிறேன். போன வருடம் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்கு 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி பூவும் கேக்கும் அனுப்பினேன். நம்மூர்க் காசில் நாலாயிரத்துக்கு மேல். போய்ச் சேர்ந்தது பத்து ரோஜா, நாலைந்து ஜெர்பரா, ஒரு பக்கம் சாய்ந்துபோன அரைக் கிலோ கேக். கொண்டு வந்த பையன் திருச்சியிலிருந்து பைக்கில் வந்திருக்கிறான். கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், மே மாத வெயிலில். அம்மா அவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தாராம்.

அம்மா போனில் சொன்னது: "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா தலையில வைக்கவும் முடியல, சாமிக்குப் போடவும் முடியல. வாளித் தண்ணியில நிக்க வச்சிருக்கேன்."

இங்கே தேக்காவில், பஃபலோ ரோடு பூக்கடைகளில், ஊரிலிருந்து பிளேனில் வந்த மல்லிகையைச் சரமாக வாங்கி என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் வைக்கிறாள். சிங்கப்பூரில் கிடைக்கிற மல்லிகையைத் தஞ்சாவூரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்ப அந்த வெப்சைட்டில் வழியில்லை. ஏன் என்று யாராவது சொல்லுங்களேன்.

---

மாட்டுத்தாவணி மொட்டு | ஜனவரி 10, பகல் 1:05

இப்போதுதான் வியாபாரம் முடித்து உட்கார்ந்தேன். தேக்காவாசி கேட்டதற்கு நான் சொல்கிறேன், மதுரையில் மல்லிகை கமிஷன் கடை.

மல்லிகையை வெப்சைட்டில் போட முதலில் ஒரு விலை வேண்டும். எந்த விலையைப் போடுவார்கள்? காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் என்றால் அரை மணிக்கு ஒன்று. மார்கழிப் பனியில் செடியில் மொட்டே பிடிக்காது. பொங்கலுக்கு முன்னால் கிலோ ஆயிரங்களில் போகும். அதே பூ சித்திரையில் கொட்டும்போது வாங்க ஆள் இல்லாமல் சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். இதை வருடம் முழுக்க "ஒரு முழம் இவ்வளவு" என்று எப்படி எழுதி வைப்பது?

இன்னொன்று நேரம். ரோஜாவைக் காம்போடு தண்ணீரில் வைக்கலாம், குளிர்சாதன அறையில் வைக்கலாம். மல்லிகைக்குத் தண்ணீரில் வைக்கிற அளவுக்குக் காம்பு கிடையாது. விடியற்காலை பறித்த மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும், மறுநாள் காலையில் பழுப்பு. வெளிநாட்டுக்குப் போகிற பூவை ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் அடைத்து அன்றைக்கே பிளேன் ஏற்றுகிறோம். அதில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் மொட்டைப் பார்த்தால் மணி தெரியும். ஆர்டர் ஒரு ஊரில், அனுமதி ஒரு ஊரில், கட்டுவது ஒரு ஊரில் என்று அலைந்தால் மல்லிகை காத்திருக்காது.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்தது. ஆன்லைனில் விற்றுத் தள்ளலாம் என்று அப்போது பேசாதவர் இல்லை. இன்றைக்கும் மல்லிகை ஆர்டர் போன் பண்ணித்தான் வருகிறது. தேக்காவாசி தம்பி, தஞ்சாவூரில் அம்மா வழக்கமாகப் பூ வாங்கும் பூக்காரம்மாவிடமே மாதப் பணம் கொடுத்து வையுங்கள். தினமும் வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போவார். அதைவிட நல்ல டெலிவரி உலகத்தில் இல்லை.

---

தேக்காவாசி | ஜனவரி 10, பகல் 1:20

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

---

பழைய ஆப்ஸ் | ஜனவரி 10, இரவு 9:10

எல்லோரும் கம்பெனியைத் திட்டுவதால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். பெங்களூரில் ஒரு ஆன்லைன் பரிசுக் கம்பெனியில் நாலு வருடம் ஆபரேஷன்ஸில் இருந்தேன். இப்போது இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

899-ல் 420 போக மிச்சம் 479-ஐ யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். சாப்பிடுகிறவர்களில் முதல் ஆள் கூகுள். "கோயம்புத்தூர் பூ டெலிவரி" என்று ஒருவர் தேடும்போது மேலே வரும் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. நாலைந்து கம்பெனிகள் ஒருவரோடு ஒருவர் மோதி அந்தச் சொல்லின் விலையை ஏற்றுகிறார்கள். காதலர் தினத்துக்கு முன்னால் ரோஜா மட்டும் ஏறுவதில்லை, இந்த விளம்பரமும் ஏறுகிறது. அப்புறம் கூப்பன், பேங்க் சலுகை, பணம் கட்டும் கேட்வேக்குக் கட்டணம், கஸ்டமர் கேர். முதல் ஆர்டரில் எங்களுக்கு ஒன்றும் நிற்காது. அந்த ஆள் அடுத்த பிறந்தநாளுக்குத் திரும்ப வந்தால்தான் லாபம். பிரச்சினை என்னவென்றால், பூ வாங்குகிறவர் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வாங்குவார். அடுத்த முறை எங்களை மறந்துவிட்டு மறுபடி கூகுளில் தேடுவார். நாங்கள் மறுபடி கூகுளுக்குக் கட்டுவோம்.

பார்ட்னரிடமும் எங்களுக்குக் குறை உண்டு. 12 ரோஜாவுக்கு 10 வைத்து இலையால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். டெலிவரி ஆகாமலே "கொடுத்தாச்சு" என்று போர்ட்டலில் அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். பொக்கேயில் தங்கள் கடை கார்டைச் செருகி "அடுத்த தடவை நேரா எங்களுக்கே போன் பண்ணுங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். நடுராத்திரி 12 மணி டெலிவரியில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார், "சர்ப்ரைஸ், போன் செய்யாதீர்கள்" என்று ஆர்டரில் குறிப்பு இருக்கும், பையன் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வருவான். இரவு 12:20-க்கு அந்தக் காதலன் எங்களிடம் பேசும் பேச்சை நீங்கள் கேட்டதில்லை.

ஆனால் 420-க்கு வேலை வாங்கிவிட்டு 899-க்கு டெபிட் நோட்டு போடுவது தப்பு. உள்ளே இருந்தபோதும் அதைத் தப்பு என்றுதான் சொன்னேன். விலைப்பட்டியலை வருடத்துக்கு ஒரு முறை எக்செல்லில் போட்டுப் பூட்டி விடுவார்கள். அந்த எக்செல்லைப் போடுகிறவர் விடியற்காலை பூ மார்க்கெட்டுக்குப் போனதே இல்லை.

---

கோவைப்பூ | ஜனவரி 10, இரவு 10:02

ஆப்ஸ் மேடம், கார்டு செருகியது நானும்தான். மறைக்கவில்லை. என் கடைப் பெயரைத் தேடினாலே முதலில் வருவது கம்பெனி விளம்பரம். என் பெயரில் வந்த வாடிக்கையாளரை அவர்கள் பிடித்து, 420-க்கு என்னிடமே அனுப்புகிறார்கள். அப்படி இருக்கும்போது ஒரு கார்டு வைத்தால் குற்றமா?

---

பழைய ஆப்ஸ் | ஜனவரி 10, இரவு 10:15

ஒப்பந்தத்தைப் பார்த்தால் குற்றம். மனசாட்சியைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

---

நெறியாளர் | ஜனவரி 11, காலை 7:00

இரண்டு பின்னூட்டங்களில் இருந்த கம்பெனிப் பெயர்களையும் ஒரு போன் நம்பரையும் நீக்கியிருக்கிறேன். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

---

ஜெர்சி குளிர் | ஜனவரி 11, காலை 9:45

அமெரிக்காவில், நியூஜெர்சியில் ஒரு பூக்கடையில் பகுதி நேரமாகப் பொக்கே கட்டுகிறேன். ஊர் விருதுநகர். கோவைப்பூ அண்ணனின் கதையை இங்கே நூறு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எஃப்.டி.டி. என்று ஒரு கம்பெனி. 1910-ல் பூக்கடைக்காரர்கள் சிலர் கூடி ஆரம்பித்தது. சிகாகோவில் இருப்பவர் நியூயார்க்கில் இருக்கும் அத்தைக்குப் பூ அனுப்ப வேண்டுமா? சிகாகோ கடைக்காரர் தந்தி அடிப்பார், நியூயார்க் கடைக்காரர் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் எழுத்து பூக்கடைக்காரர், இரண்டாவது தந்தி, மூன்றாவது டெலிவரி. அதுதான் பெயர். முக்கியமான விஷயம், உறுப்பினர் கடைகளே அதற்குச் சொந்தக்காரர்கள், கூட்டுறவு மாதிரி. கணக்கு வெளிப்படையானது. வழக்கமான பங்கு இப்படி: ஆர்டர் பிடித்த கடைக்கு 20%, நடுவில் கணக்கு தீர்ப்பவருக்கு 7%, பூ கட்டிக் கொடுத்த கடைக்கு 73%. கோவைப்பூ அண்ணனுக்கு வருவது 46-47%.

1994-ல் அதை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. கடைக்காரர்கள் முதலாளி ஸ்தானத்திலிருந்து வெறும் உறுப்பினர்கள் ஆனார்கள். 2014 கடைசியில் எஃப்.டி.டி. போய் புரோஃபிளவர்ஸ் என்ற ஆன்லைன் கடையின் தாய்க் கம்பெனியை வாங்கியது. புரோஃபிளவர்ஸின் வியாபாரமே உள்ளூர்க் கடையைத் தாண்டிப் போவதுதான்: பண்ணையிலிருந்து பூவைப் பெட்டியில் அடைத்து கூரியரில் நேராக வீட்டுக்கு. தன் உறுப்பினர் கடைகளுக்குப் போட்டியைத் தானே காசு கொடுத்து வீட்டுக்குள் கூட்டி வந்த மாதிரி. அந்தக் கடனும் பாரமாக ஏறியது. 2019 ஜூனில் திவால் மனு. கம்பெனியைத் துண்டு துண்டாக விற்றார்கள். பிரிட்டனில் அவர்களிடம் இருந்த இன்டர்ஃபுளோரா, எஃப்.டி.டி.யின் பழைய போட்டியாளர் டெலிஃபுளோராவை வைத்திருக்கும் குழுமத்திடம் போனது. எஃப்.டி.டி. வேறு முதலாளியிடம் இன்றைக்கும் ஓடுகிறது.

எங்கள் கடையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். இந்த மாதிரி கம்பெனி மூலம் வெளி ஆர்டர் வந்தால் படத்துக்கு இல்லை, வந்த பணத்துக்குப் பூ வைப்போம். 100 டாலர் படம், எங்களுக்கு வருவது 60 என்றால் 60-க்குத்தான் பொக்கே. வாங்கினவர் எங்களைத் திட்டுவார். முதலாளியம்மா பொறுமையாக விளக்குவார். அன்னையர் தினத்துக்கு மூன்று நாள் வெளி ஆர்டரையே எடுப்பதில்லை, அந்த ஆர்டர் வருகிற மெஷினை அணைத்து வைத்துவிடுவோம். நேராகக் கடைக்கு வருகிற கூட்டத்துக்கே கை போதாது. எனவே மூடலாமா என்றால், இங்கே தாராளமாக மூடுகிறார்கள்.

இன்னொன்று. ஊருக்குள் கடையே இல்லாமல், உள்ளூர்ப் பெயரையும் உள்ளூர் நம்பரையும் போட்டு ஆர்டர் பிடிக்கிற கால் சென்டர்கள் இங்கே பெரிய தொல்லை. அதைத் தடுக்கப் பல மாநிலங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

---

சிவப்புத்துண்டு | ஜனவரி 11, காலை 10:20

சங்கம் வைத்துக் கூட்டுறவாக ஆரம்பித்ததைக் கைவிட்டதால்தான் இந்த நிலைமை. கோவைக் கடைகள் பத்து சேர்ந்தால் ஒரு வெப்சைட் போட முடியாதா?

---

தில்லைநகர் அக்கா | ஜனவரி 11, காலை 11:00

திருச்சியில் ஏழு பேர் சேர்ந்தோம் தம்பி. வெப்சைட்டும் போட்டோம், 38 ஆயிரம் செலவு. முதல் மாதம் நாலு ஆர்டர். அதில் ஒன்று என் நாத்தனார் போட்டது. மூன்றாவது மாதம், யார் கடைக்கு ஆர்டர் போக வேண்டும் என்று சண்டை. முடிந்தது கதை. மேடம் சொன்ன அந்த விளம்பர ஏலத்தில் நாங்கள் எங்கே போய் நிற்பது?

---

ஓசூர் பந்தல் | ஜனவரி 11, மாலை 4:30

பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிறேன். பூ விளைவிக்கிறவனை யாரும் கேட்கவில்லை, நானே வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் விலை ஏறுவதை ஏதோ கொள்ளை போல எழுதுகிறீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் கிளையை வெட்டிக் கவாத்து செய்தால்தான் ஜனவரிக் கடைசியில் பூ வரும். அதற்காகவே அதுவரை வெட்டுப் பூ இல்லாமல் சம்பளம் கொடுக்கிறோம். குளிர் கூடினால் பூ பிந்தும். பிப்ரவரி 15-ம் தேதி பூத்தால் அது குப்பை. தாஜ்மஹால் என்கிற சிவப்பு ரோஜா ரகத்துக்கு அந்தச் சமயத்தில் வெளிநாட்டுக்காரனும் நிற்கிறான், வடநாட்டு மார்க்கெட்டும் நிற்கிறது, கல்யாணக்காரனும் நிற்கிறான். பிறகு மார்ச் கடைசியில் வெயில் ஏறி, பூ மலிந்து, ஒரு கட்டை 30 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். அப்போது எந்த வெப்சைட்டிலாவது விலை இறங்கியதா? 899 அப்படியேதான் நின்றது.

இப்போது பத்து நிமிட டெலிவரி ஆப்களும் ரோஜாவை எடுக்கின்றன. ஒற்றைப் பூவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாழைப்பழத்துக்குப் பக்கத்து ரேக்கில் வைக்கிறார்கள். பழுக்கிற பழத்திலிருந்து வருகிற வாயு பூவைச் சீக்கிரம் வாடச் செய்யும். கார்னேஷன் பூவாக இருந்தால் சீக்கிரமே இதழ் மூடிக்கொள்ளும். இதைச் சொல்லப் போனால் "கொட்டேஷன் அனுப்புங்க சார்" என்கிறார்கள்.

கோவைப்பூ தம்பிக்கு ஒரே யோசனை. இப்போதே எனக்கு பிப்ரவரி 7-ம் தேதிக்கும் 11-ம் தேதிக்கும் இத்தனை கட்டு என்று சொல்லி, பாதிப் பணம் முன்னால் கொடுத்தால், ஒரு கட்டுக்கு 300-க்கு மேல் கேட்க மாட்டேன். மார்க்கெட் 500 போனாலும் சரி. ஆனால் மார்க்கெட் 200-க்கு இறங்கினால் "அண்ணே" என்று போன் பண்ணக்கூடாது.

---

கோவைப்பூ | ஜனவரி 12, இரவு 11:15

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் அண்ணே, தனிமடல் அனுப்பியிருக்கிறேன், 60 கட்டு.

300-க்குக் கட்டு கிடைத்தால் 12 பூ 180 ஆகிறது. மொத்தம் 415. கம்பெனி ஆர்டரை எடுத்தால்கூட ஐந்து ரூபாய் நிற்கும்! ஆனால் அந்த ஐந்து ரூபாய்க்காக 899 டெபிட் நோட்டு அபாயத்தை ஏற்கத் தயாராக இல்லை. அதனால் 12, 13, 14 மூன்று நாளும் போர்ட்டலில் மூடியது என்று போட்டுவிட்டேன். அன்றைக்குக் கட்டுவதெல்லாம் கடைக்கு நேராக வருகிறவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்கும் மட்டும்.

இன்று மதியமே கம்பெனியின் வெண்டர் மேனேஜர் போன். முதலில் மிரட்டல்: "ரேட்டிங் குறையும், மார்ச்சில் ஆர்டர் வராது." நான் பேசாமல் இருந்தேன். அரை மணி கழித்து மறுபடி போன்: "அந்த மூன்று நாளுக்கு மட்டும் 560 தருகிறோம், யாரிடமும் சொல்லாதீர்கள்." எழுத்தில் கேட்டேன். மேலே பேசிவிட்டு வருகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

அக்கா சொன்ன மாதிரி திங்கள் செவ்வாய் ஆர்டருக்கு அவர்கள் வேண்டும்தான். அதனால் முழுசாக விடவில்லை. மார்ச்சில் ஆர்டர் நிஜமாகவே குறைந்தால் இங்கேயே வந்து புலம்புகிறேன்.

---

பழைய ஆப்ஸ் | ஜனவரி 12, இரவு 11:32

560 எழுத்தில் வரும். ஆனால் பிப்ரவரி 11 ராத்திரிதான் வரும். அதுவரை போனை எடுக்காதீர்கள். வந்ததும் டெபிட் நோட்டு உங்களுக்குக் கொடுக்கிற தொகையைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள்தான் அவர்கள் சம்மதிப்பார்கள்.

---

ஓசூர் பந்தல் | ஜனவரி 13, காலை 5:10

தனிமடல் பார்த்தேன் தம்பி. 60 கட்டு சரி. பெட்டி ராத்திரி பஸ்ஸில் ஏறும், விடியற்காலை காந்திபுரத்தில் நீங்களே வந்து இறக்கிக்கொள்ள வேண்டும். டிரைவருக்கு டீக்காசு உங்களுடையது. இறக்கியதும் பேப்பரைப் பிரிக்காமல், காம்பை ஒரு அங்குலம் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, மூன்று மணி நேரம் வாளியில் நிறுத்துங்கள். போன வருடம் ஒருவர் நேராக ரோட்டோரம் வெயிலில் அடுக்கிவிட்டு என்னைத் திட்டினார்.